டாக்டர் சுப்பாராவ் கண்ட நீல நிறம்

செம்பாக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நர்சம்மா ஓர் அட்டை மாத்திரை கொடுக்கிறார். தினமும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லி அனுப்புகிறார். அது இரும்புச் சத்தும் போலிக் ஆசிட்டும் சேர்ந்த மாத்திரை. ரத்த சோகை வராமல் அது தடுக்கும். வயிற்றில் வளரும் குழந்தைக்கும் நல்லது.

அந்தப் போலிக் ஆசிட்டை ரசாயன சாலையில் முதன் முதலாகச் செய்து காட்டிய கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் நம் நாட்டுக்காரர். சென்னையில் படித்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூடம் போனவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மாத்திரை அவருடைய பிற்கால வேலை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கண்ணாடிக் குழாயில் அவர் நீல நிறம் ஒன்றை வரவழைத்தார். உடம்பின் மிகப் பெரிய ரகசியங்கள் சில அந்த நீலத்தில் வெளிப்பட்டன. அந்தக் கதையைப் பலர் அறிய மாட்டார்கள்.

காசிக்கு ஓடிய சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அது இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். தகப்பனார் ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர். உடம்பு சரியில்லாமல் வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டார். வீட்டில் ஏழு குழந்தைகள். வருமானம் நின்றுவிட்டது. தாயார் வெங்கம்மா மிகக் கண்டிப்பானவர். எப்பாடு பட்டாவது பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

சுப்பாராவுக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினான். எங்கே? காசிக்கு! யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவன் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. அவனைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவையும் தேறவில்லை. பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். மூன்றாவது தடவை எழுதித் தேறினான். படிப்புச் செலவுக்குத் தாயார் நகைகளை விற்றார். அதற்குள் தகப்பனாரும் காலமாகிவிட்டார்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது சுப்பாராவுக்குச் சந்நியாசியாகும் ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்துக்குப் போய்வந்து கொண்டிருந்தார். வைத்தியம் படித்து ஜனங்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று அங்கே யோசனை சொன்னார்கள். அந்த யோசனை மனத்தில் பதிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே அந்தக் கல்லூரி இருக்கிறது. சுப்பாராவ் காலத்தில் மின்சார ரயில் கிடையாது. தாம்பரத்துக்கு அது 1931-ல்தான் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கப்பல் ஏறிவிட்டார்.

கதர் அங்கி

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்குப் போகும்போது கதர் அங்கி அணிந்து போனார். ரண சிகிச்சைப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஒரு முழத் துணிக்கு அவர் கொடுத்த விலை அது.

அரசாங்க வைத்திய உத்தியோகத்துக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை.

இதற்கிடையில் குடும்பத்தில் பெரிய இடி விழுந்தது. ஸ்புரூ என்று ஒரு வியாதி உண்டு. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் குறைந்து, ஆள் வற்றிப் போவான். அந்த நோய்க்கு சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துப் பலியானார்கள். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை என்று ஒரு சாலை இருக்கிறதல்லவா? அந்த ருக்மிணி அம்மையாரின் கணவர்தான் இந்த டாக்டர்.

பிழைத்தவர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் நடத்தினார். ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து எங்கே என்ற கேள்வி அவரைத் துரத்தியது. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணப் பிரதேச நோய்களைப் பற்றித் தனிப் பள்ளியே இருப்பதாகக் கேள்விப்பட்டார். மாமனாரும் காக்கிநாடாவில் ஒரு தர்ம ஸ்தாபனமும் பண உதவிக்கு முன்வந்தார்கள்.

1922-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்பி வருவதாக ஏற்பாடு. பிறகு சேஷகிரி ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். குழந்தை தங்கவில்லை. மகனின் முகத்தை சுப்பாராவ் பார்க்கவே இல்லை.

இரவில் சட்டி கழுவியவர்

பாஸ்டனில் கையில் காசு இல்லை. இந்தியாவில் வாங்கிய டாக்டர் பட்டம் அங்கே வைத்தியம் செய்ய உதவவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? நோயாளிகளின் மல மூத்திரச் சட்டிகளை எடுத்துக் கழுவுகிற வேலை. பகலில் படிப்பு, இரவில் சட்டி. அப்படியே டிப்ளமா வாங்கினார்.

பிறகு ஹார்வர்டிலேயே உடல் ரசாயனப் பகுதியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ஓட்டோ போலின் புகழ் பெற்றவர். அவருக்குக் கீழே சைரஸ் பிஸ்க் என்பவர் இருந்தார். பிஸ்க் சுப்பாராவிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு சுலபமான வழி கண்டுபிடிக்க வேண்டும்.

பாஸ்பரஸ் என்றதும் தீக்குச்சி நினைவுக்கு வரும். அது நம் உடம்பிலும் இருக்கிறது. வளர்ந்த மனிதனின் உடம்பில் சுமார் 700 கிராம் உண்டு. நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி தசையிலும், ரத்தத்திலும், மூளையிலும் கலந்து கிடக்கிறது. கலந்து கிடப்பதை எப்படி நிறுப்பது? முன்பு இருந்த வழிகளில் நேரம் அதிகம் ஆகும், தவறும் வரும்.

சுப்பாராவும் பிஸ்கும் கண்ட வழி இதுதான். அளக்க வேண்டிய நீரில் மாலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பையும் திராவகத்தையும் சேர்க்க வேண்டும். பாஸ்பரஸ் அந்த மாலிப்டினத்தோடு கூடிக்கொள்ளும். பிறகு இன்னொரு மருந்தைச் சில சொட்டு விட வேண்டும். உடனே குழாயில் நீல நிறம் எழும்பும். பாஸ்பரஸ் குறைவாக இருந்தால் வெளிர் நீலம். அதிகம் இருந்தால் கரு நீலம். அளவு தெரிந்த நீல நீர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

1925-ல் இந்த முறை வெளிவந்தது. பிஸ்க் - சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்றது. உலகம் முழுவதும் கல்லூரி மாணவர்களும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்காரர்களும் அதைக் கையாண்டார்கள்.

தயங்கி வந்த நீலம்

முறை கைக்கு வந்ததும், பூனையின் தசையை எடுத்து அளந்து பார்த்தார்கள். அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. நீலம் உடனே முழுதாக வரவில்லை. முதலில் கொஞ்சம் வந்தது. நேரம் ஆக ஆக மேலும் மேலும் கருத்துக்கொண்டே போனது.

வேறு யாராவது இருந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார்கள். இவர்கள் யோசித்தார்கள். தசைக்குள் பாஸ்பரஸ் எதனுடனோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. திராவகத்தில் அந்த ஒட்டு மெள்ள மெள்ள விடுகிறது. விட்ட அளவுக்கு நீலம் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். அப்படி ஒட்டியிருந்த பொருள்தான் பாஸ்போ கிரியேட்டின். தசை வேலை செய்யும்போது அது உடைகிறது. ஓய்வு எடுக்கும்போது மறுபடி சேருகிறது. 1927-ல் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் தனியாக இதே பொருளைக் கண்டிருந்தார்கள்.

தசையின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதுவரை வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1922-ம் ஆண்டின் நோபல் பரிசு அந்த ஆராய்ச்சிக்கே போயிருந்தது. சுப்பாராவின் குழாயில் தயங்கி வந்த நீலம் அந்தக் கொள்கையை ஆட்டிவிட்டது.

1929-ல் இன்னொன்றையும் கண்டார்கள். அதன் பெயர் ஏ.டி.பி. மூன்று பாஸ்பரஸ்கள் வரிசையாகக் கோத்த பொருள். உடம்பில் எந்த வேலைக்கும் உடனே செலவழிக்கக்கூடிய சில்லறைக் காசு அதுதான். ஜெர்மனியில் லோமான் என்பவர் சில வாரங்கள் முந்தி அதை வெளியிட்டுவிட்டார். ஆனால் இரு தரப்பாரும் தனித்தனியே கண்டவர்கள்.

1930-ல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தனை செய்தவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி தந்ததா? தரவில்லை. மேலும் பத்து ஆண்டுகள் சின்னப் பதவியிலேயே இருந்தார். தம்மைப் பற்றித் தாமே தண்டோரா போடுகிற குணம் அவருக்கு இல்லை. புகழ் பிறருக்குப் போவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தார். இது பெருந்தன்மையா, ஏமாளித்தனமா என்று இன்றும் வாதிடலாம்.

மருந்துக் கம்பெனியில்

1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு அங்கே ஆராய்ச்சித் தலைவரானார். சகோதரர்களின் நோயை அவர் மறக்கவில்லை.

பம்பாயில் ஆலை வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஒரு வகை ரத்த சோகை வருவதையும், ஈஸ்ட் சத்துக் கொடுத்தால் அது குணமாவதையும் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1931-ல் எழுதியிருந்தார். ஈஸ்டில் உள்ள அந்தப் பொருள் எது? சுப்பாராவின் கூட்டத்தார் அதைத் தேடிப் பிடித்து, 1945-ல் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். அதுதான் போலிக் ஆசிட். ஸ்புரூ நோயாளிகளின் ரத்தம் அதனால் தேறியது. தம் சகோதரர்கள் போய்ச் சுமார் கால் நூற்றாண்டு கழித்து அவர் மருந்தைப் பிடித்தார்.

1947-ல் அவருடைய கூட்டத்திலிருந்து யானைக்கால் நோய்க்கு மருந்து வந்தது. ஆண்டுக்கு ஒரு தடவை வீடு வீடாக வந்து, எதிரிலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரைதான். போலிக் ஆசிட்டைப் போலவே தோன்றி ரத்தப் புற்றுநோயை ஏமாற்றுகிற அமினாப்டெரின் என்ற மருந்தையும் அங்கேதான் செய்தார்கள். பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்த குழந்தைகள் சில காலமாவது எழுந்து விளையாடின. அந்தச் செய்தி 1948 ஜூனில் வெளியாயிற்று.

1948 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு சுப்பாராவ் தூங்கப் போனார். காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. இந்தியா சுதந்திரம் அடைந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. கடைசி வரை அவர் அமெரிக்கப் பிரஜையாகவில்லை. சேஷகிரி அம்மாள் கணவரை 1922-க்குப் பிறகு காணவே இல்லை.

தலைப்பிரட்டையும் கத்தரிக்கோலும்

நீல நிறத்தின் கதை அவரோடு முடியவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவின் வாசல்.

நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் சுமார் 5 பங்கு கனம். அந்தச் சவ்வில் பெரும் பகுதி ஒரு விசேஷக் கொழுப்பு. சாதாரணக் கொழுப்பில் பாஸ்பரஸ் கிடையாது. இதில் உண்டு. பாஸ்போலிப்பிட் என்று பெயர்.

அதன் உருவம் எப்படி? குட்டையில் நெளியும் தலைப்பிரட்டையை நினைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு தலை, இரண்டு வால். பாஸ்பரஸ் தலையில் இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது. ஆகவே இவை இரண்டு வரிசையாக நிற்கும். வாலோடு வால் உள்ளே. தலைகள் வெளியே, தண்ணீர்ப் பக்கம். இந்த இரட்டை வரிசையை ஹாலந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதுவும் 1925-ல்தான். சுப்பாராவ் நீலம் கண்ட அதே ஆண்டு!

இந்தச் சவ்வு சும்மா நிற்கும் மதில் என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். அது தவறு.

தபால்காரர் வாசலில் மணி அடிக்கிறார். அவர் சமையலறைக்குள் வருவதில்லை. ஆனால் மணிச் சத்தம் சமையலறை வரை போகிறது. அடுப்படியில் இருக்கும் அம்மா எழுந்து வருகிறாள். உயிரணுவிலும் இப்படித்தான். நரம்பிலிருந்து வரும் பொருள் சவ்வின் வெளியே வந்து தட்டுகிறது. உள்ளே நுழைவதில்லை. பிறகு உள்ளே வேலை எப்படி நடக்கிறது? மணி எது?

1953-ல் லோவல் ஹோக்கின், மேபல் ஹோக்கின் என்ற தம்பதி புறாவின் கணையத்தை எடுத்துச் சோதித்தார்கள். கணையம் சீரண நீர் சுரக்கும் உறுப்பு. நரம்புப் பொருளை அதன் மேல் விட்டதும் சுரக்க ஆரம்பித்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. சவ்வில் இருந்த பாஸ்போலிப்பிட்டுகளில் பாஸ்பரஸ் வேகமாக மாறியது. பழையது போய்ப் புதியது வந்தது. மதில் என்று நினைத்தது உடைந்து உடைந்து சேர்ந்துகொண்டிருந்தது!

உடைப்பது யார்? என்சைம்கள். அவற்றைக் கத்தரிக்கோல் என்று சொல்லலாம். பாஸ்போலைப்பேஸ் என்பது இந்தக் கத்தரிகளின் குடும்பப் பெயர். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் வெட்டும். ஏ-2 என்ற கத்தரி தலைப்பிரட்டையின் ஒரு வாலை வெட்டும். அந்த வாலிலிருந்துதான் வலியும் வீக்கமும் காய்ச்சலும் உண்டாக்கும் பொருள்கள் தயாராகின்றன. ஆஸ்பிரின் வலியைத் தணிப்பது அந்தத் தயாரிப்பை இடைமறித்துத்தான்.

இதே ஏ-2 கத்தரி கண்ணாடி விரியனின் விஷத்திலும் இருக்கிறது. செம்பாக்கம்போல ஏரியும் புதரும் உள்ள ஊர்களில் விரியனைத் தெரியாதவர் யார்? உடம்புக்குள் அளவோடு வெட்டும் கத்தரியைப் பாம்பு மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. சவ்வுகள் கிழிகின்றன. கடித்த இடம் வீங்குகிறது, ரத்தம் கெடுகிறது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு மருந்து போடுவதே வழி.

சி என்ற கத்தரி வேறு மாதிரி. அது கழுத்தில் வெட்டும். தலை தனியே கழன்று உயிரணுவின் உள்ளே விழும். எல்லாத் தலைப்பிரட்டைகளையும் அது வெட்டாது. தலையில் கூடுதலாகப் பாஸ்பரஸ் ஒட்டியவை சில உண்டு. அவற்றைத்தான் பொறுக்கி எடுத்து வெட்டும். அந்தக் கூடுதல் பாஸ்பரசை ஒட்டி வைப்பது எது? சுப்பாராவ் 1929-ல் கண்ட ஏ.டி.பி.யேதான்.

இவற்றை ஆராய வேண்டுமானால் ஒரு துளிக் கொழுப்பில் எத்தனை பாஸ்பரஸ் என்று அளக்க வேண்டும். 1959-ல் பார்ட்லெட் என்ற அமெரிக்கர் பிஸ்க் - சுப்பாராவ் முறையை எடுத்துக்கொண்டார். கொழுப்பைத் திராவகத்தில் எரித்து, நீரைச் சூடாக்கி, நீலம் இன்னும் அழுத்தமாக வரும்படி மாற்றினார். மிகச் சிறிய அளவையும் இப்போது பார்க்க முடிந்தது. பாஸ்போலிப்பிட் ஆராய்கிற சாலைகளில் அந்த நீலம் நிரந்தரமாக இடம் பிடித்தது.

ஹோக்கின் தம்பதியின் கேள்விக்கு விடை 30 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. மறுபடியும் கணையத்தில்தான்! 1983-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் நால்வர் எலியின் கணைய அணுக்களில் சிறு துளைகள் செய்து, வெட்டி விழுந்த தலையை மட்டும் உள்ளே விட்டார்கள். அணுவுக்குள் பூட்டி வைத்திருந்த சுண்ணாம்புச் சத்து குபீரென்று வெளிவந்தது. சுரக்கும் வேலையை முடுக்குவது அதுதான். மணி எது என்று தெரிந்துவிட்டது. சவ்விலிருந்து கத்தரித்த ஒரு தலை. அதில் மூன்று பாஸ்பரஸ்.

இந்திய அரசாங்கம் 1995-ல், அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தபோது, சுப்பாராவின் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.